பதினேழாவது வரிசை

பென்ட்ரைவில் வந்தது அந்தப் பக்கம்.
வெனிஸில் எவனோ மரக்கட்டையில் வெட்டி
மையொற்றி எடுத்தது.
ஐந்நூறு வருசத்துக்கு ஒரு முப்பது குறைவு.
கொண்டுவந்தவள் பிறிஜிற்றா,
ஸ்ரான்லி வீதி வங்கியில் காசு எண்ணுகிறவள்.
தையில் கலியாணம்.
"வெள்ளை நெற்றில, கரை முழுக்க இது வேணும் அக்கா."

திறந்து பார்த்தேன்.
சதுரங்கள். கறுப்பு, வெறுமை, கறுப்பு.
மகனின் கணக்குக் கொப்பியை
மழை நாளில் யாரோ குந்தியிருந்து நிரப்பியது போல.
நடுவில் ஒரு பூச்சாடி,
இரு பக்கமும் முகம் பார்த்தபடி இரண்டு பறவை.
எந்த நூல், எந்தத் தையல், என்ன நிறம்,
ஒரு சொல் இல்லை.
பறவைக்கும் பெயர் இல்லை.
பிறிஜிற்றாவுக்கு அது புறா.
கூறைச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த
நிருத்திகாவுக்கு அன்னம்.
என் மகன் சொன்னான், ரெண்டும் காகம்,
சாடிக்குள்ள வடை இருக்கு.
அந்தப் பக்கம் ஒருவரையும் மறுக்கவில்லை.

என்னைப் பிடித்தது வேறொன்று.
பெரிதாக்கினால் கோட்டின் விளிம்பெங்கும் ஊசித் துளை.
எவளோ துணிமேல் பக்கத்தை விரித்து,
குத்திக் குத்தி,
கரித்தூளைப் பொட்டலமாய்க் கட்டித் தட்டியிருக்கிறாள்.
துளைவழி இறங்கிய கரிதான் பறவை.
அந்தப் புத்தகங்கள் அதிகம் மிஞ்சவில்லையாம்.
மிஞ்சுமா?
மீன் வெட்டும் கத்தி தேய்வதுபோலத்
தேய்ந்து தீர்ந்திருக்கும்.

அடிமட்டத்தை வைத்து வரிசை வரிசையாக எண்ணினேன்.
பதினேழில் நின்றுவிட்டேன்.
இடப்பறவையின் சிறகில் ஒன்பது கறுப்பு.
வலத்தில் எட்டு.

உளி வழுக்கியதோ,
சாப்பிடக் கூப்பிட்டார்களோ,
கூலி பிந்திய கிழமையோ.

கணினியில் ஒரு பொத்தான் இருக்கிறது.
இடத்தை எடுத்து வலத்தில் கவிழ்க்கும்.
அழுத்தினேன்.
வங்கிப் புத்தக மட்டையில் அச்சடித்த சின்னம்போல
விறைத்து நின்றன இரண்டும்.
திரும்ப எடுத்துவிட்டேன்.
எட்டு எட்டாகவே இருக்கட்டும்.

கரண்ட் போன நேரம்
கதிரையில் சாய்ந்து யோசித்தேன்:
இந்தப் பக்கம் அச்சான காலத்துக்குச் சற்றுப் பிந்தி
இந்தக் கரையில் கப்பல் விட்டு இறங்கினவர்களின்
சட்டைக் கழுத்திலும் இப்படி ஒரு பூ இருந்திருக்கும்.
கையின் மடிப்பிலும்.
அதற்குக் கீழே மணிக்கட்டு,
அதற்குக் கீழே வாள்.
எங்கேயோ ஒருத்தி விளக்கு வைத்துத் தைத்த பூ
இங்கே கோயில் இடிபடும்போது
மிகக் கிட்ட நின்றிருக்கும்.
யோசித்ததால் பூ அசிங்கமாகவில்லை.
பூ அழகாயிருந்ததால் யோசனை நிற்கவுமில்லை.
இரண்டையும் வைத்துக்கொண்டுதான்
கரண்ட் வந்ததும் நூல் கோர்த்தேன்.

பன்னிரண்டு ஊசி. நிமிசத்துக்கு எண்ணூறு குத்து.
கரித்தூள்காரி பார்த்திருந்தால்
பேசாமல் எழும்பிப் போயிருப்பாள்,
அல்லது, சத்தம் சரியில்லை,
எண்ணெய் விடு என்றிருப்பாள்.

சனிக்கிழமை பிறிஜிற்றா வந்தாள்.
விரலால் கரையைத் தடவிக்கொண்டே போனவள்,
காசு எண்ணுகிற விரல் அல்லவா,
சிறகில் நின்றாள்.
"ஒண்டு விடுபட்டுப் போச்சு அக்கா."
"விடுபடேல்லை. வந்ததே அப்பிடித்தான்."
இடம், வலம். இடம், வலம்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
மடித்துப் பையில் வைத்து
வாசல் வரை போய்த் திரும்பினாள்:
"குருநகர் மாமான்ர வள்ளத்துக் கொடிக்கு
இதையே போடலாமோ?
பறவைக்குப் பதிலா சீலா மீன்?"

போடலாம் என்றேன்.
மகனின் கொப்பியில் ஒரு புதுப் பக்கம் கிழித்தேன்.
சாடி அப்படியே.
பறவை நின்ற இடத்தில்
வாலிலிருந்து தொடங்கினேன்.
பதினேழாவது வரிசை வந்ததும்
பென்சிலை வைத்துவிட்டுத்
தேத்தண்ணி போட எழும்பினேன்.